ரேணிகுண்டா எத்தனை மைல்?

கோடை விடுமுறை நெருங்கினால் எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு ஓய்வே கிடையாது. நான் பயண ஏஜெண்ட் அல்ல. சித்தூர்ப் பக்கத்துக்காரன் என்பது ஒன்றுதான் என் தகுதி. சிகாகோவிலும் சுற்று வட்டாரத்திலும் இருக்கும் நம் குடும்பங்களில் பல, ஊருக்குப் போகும்போது திருப்பதிக்கு ஒரு வேண்டுதலைச் சேர்த்தே பயணத் திட்டம் போடுகின்றன. பிள்ளைக்கு முடி இறக்க வேண்டும், பெண்ணுக்கு வரன் அமைந்ததற்கு உண்டியலில் சேர்க்க வேண்டும் என்று ஏதாவது ஒன்று இருக்கும். கேள்வி மட்டும் ஒரே மாதிரி வரும்: "அங்கிள், திருப்பதியிலேயே ஏர்போர்ட் இருக்காமே! சென்னையில் இறங்கி அப்படியே இன்னொரு பிளைட் பிடித்தால் அரை மணியில் போய்விடலாம் இல்லையா? கம்ப்யூட்டரில் பார்த்தேன், நூறு கிலோமீட்டர்கூட இல்லை என்று போட்டிருக்கிறது."

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வருகிறேன். நம் இதழிலேயே எழுதிவிட்டால் என்ன என்று என் மனைவி கேட்டாள். நியாயமான யோசனைதான். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரத்தைப் பார்த்துப் பயணத்தை முடிவு செய்வது, பெயர்ப் பொருத்தம் மட்டும் பார்த்துக் கல்யாணத்தை முடிவு செய்வது போன்றது. பொருத்தம் பொய்யில்லை, குடித்தனம் நடத்த அது போதாது, அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் சொல்லும் தூரம் உண்மையா என்று முதலில் பார்ப்போம். உண்மைதான். பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் கணக்குப் போட்டுவிடும். சென்னை மீனம்பாக்கம் விமான நிலையம் வட அட்சரேகை 12.99 பாகையிலும், கிழக்குத் தீர்க்கரேகை 80.17 பாகையிலும் இருக்கிறது. திருப்பதி விமான நிலையம் இருப்பது ரேணிகுண்டாவில். அதன் இடம் 13.63 பாகை வடக்கு, 79.54 பாகை கிழக்கு. வடக்கே 0.64 பாகை, மேற்கே 0.63 பாகை வித்தியாசம். அட்சரேகையில் ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர். தீர்க்கரேகையில் ஒரு பாகை நம் ஊர்ப் பக்கத்தில் சுமார் 108. ஆக, வடக்கே 71 கிலோமீட்டர், மேற்கே 68 கிலோமீட்டர். பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டால் 98 கிலோமீட்டர் வருகிறது. கருடாழ்வார் மீனம்பாக்கத்தில் கிளம்பினால் இந்த 98 கிலோமீட்டரில் போய்ச் சேர்ந்துவிடுவார்.

நாம் கருடாழ்வார் இல்லை. இரண்டு ஊருக்கும் நேர் விமானம் இல்லாத நாளில் "சென்னை – திருப்பதி" என்று டிக்கெட் தேடிப் பாருங்கள். கம்ப்யூட்டர் கூசாமல் ஒரு வழி சொல்லும். சென்னையிலிருந்து ஹைதராபாத், ஹைதராபாத்திலிருந்து திருப்பதி. முதல் பாதி சுமார் 505 கிலோமீட்டர், இரண்டாம் பாதி சுமார் 415. அதாவது 98 கிலோமீட்டரைக் கடக்க 920 கிலோமீட்டர். பெங்களூர் வழி என்றால் 268-ம் 205-ம் சேர்ந்து 473. மூக்கைத் தொடத் தலையைச் சுற்றுவது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். நடுவில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு பகல் போய்விடும். அதே பகலில் மீனம்பாக்கத்தில் கார் ஏறியவர் திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதி சேர்ந்து, குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டிருப்பார். சாலை வழி 140, 150 கிலோமீட்டர்தான். போக்குவரத்து நெரிசல் இல்லாவிட்டால் மூன்றரை மணி நேரம்.

நேர் விமானமே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அரை மணி நேரம் என்பது கனவு. விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் போகும், ஆகவே 98 கிலோமீட்டருக்கு ஏழெட்டு நிமிடம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வேகம் முப்பதாயிரம் அடிக்கு மேலே ஏறிய பிறகு வருவது. இவ்வளவு சிறிய தாண்டலில் அந்த உயரத்துக்கு ஏறுவதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிடும். ஏறுவதும் இறங்குவதும்தான் மொத்தப் பயணமே. விமான அட்டவணையில் போடும் நேரமும் வானத்தில் இருக்கும் நேரம் மட்டும் அல்ல. நிறுத்தின இடத்திலிருந்து நகர்ந்த கணம் முதல் அங்கே போய் நின்ற கணம் வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைக்கு உருண்டு போவதும், முன்னால் நிற்கும் விமானங்களுக்குப் பின்னால் வரிசை பிடிப்பதும் அதில் அடக்கம். திருப்பதி – ஹைதராபாத் 415 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போடுவது இதனால்தான். இதற்கெல்லாம் முன்னால், ஒரு மணி நேரத்துக்கு முன்பே கவுண்டரில் நின்றாக வேண்டும். இறங்கிய பின் பெட்டிக்காகச் சுழல் பட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். 98 கிலோமீட்டர் போனாலும் 9,800 கிலோமீட்டர் போனாலும் இந்த முன்னும் பின்னும் அதே அளவுதான். பயணம் சிறுக்கச் சிறுக்க இந்தச் சடங்குகள் பெரிதாகத் தெரியும்.

விமானக் கம்பெனிக்கும் இது கட்டுப்படியாகாது. எரிபொருளில் பெரும் பங்கு தரையை விட்டு எழும்பி மேலேறும்போது போய்விடுகிறது. இறங்கு கட்டணம், ஆள் சம்பளம் எதுவும் தூரம் குறைந்ததற்காகக் குறைவதில்லை. பக்கத்திலேயே பஸ் ஓடும்போது அதிகக் கட்டணமும் கேட்க முடியாது.

சிறிய தாண்டல்களே வீண் என்று சொல்ல வரவில்லை. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்ற இரு தீவுகளுக்கு இடையே ஒரு விமானம் பறக்கிறது. தூரம் 3 கிலோமீட்டர்கூட இல்லை. அட்டவணையில் இரண்டு நிமிடம். உலகிலேயே மிகக் குறுகிய பயண விமானம் அதுதான் என்கிறார்கள். அங்கே நடுவில் கடல் இருக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன், நம் யாழ்ப்பாணத்தையே பாருங்கள். பலாலியிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் சுமார் 355 கிலோமீட்டர். 1947 டிசம்பரில் ஏர் சிலோன் நிறுவனம் தொடங்கியபோது அதன் முதல் பயணமே கொழும்பு இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான். போரின் காரணமாகப் பல ஆண்டுகள் அற்றுப் போயிருந்த அந்த வான்வழி 2019-ல் மறுபடி திறந்தது. யாழ்ப்பாணத்து நண்பர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்லத் தேவையில்லை. கொழும்புக்கு ஓர் இரவு பஸ்ஸில் போய், பிறகு விமானம் ஏறின அலைச்சலை அது மிச்சப்படுத்துகிறது. கடல் குறுக்கே இருந்தால் விமானம் வரப்பிரசாதம். சென்னைக்கும் ரேணிகுண்டாவுக்கும் இடையே கடல் இல்லை, நல்ல தார்ச்சாலையும் தண்டவாளமும் இருக்கின்றன. பிரான்ஸ் நாட்டில் இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போய்விடக்கூடிய சில தடங்களில் உள்நாட்டு விமானத்தையே 2023-ல் சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள். நம் ஊரில் சட்டம் போடாமலேயே அது நடக்கிறது.

ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னை சென்ட்ரலிலிருந்து திருப்பதிக்குச் சப்தகிரி எக்ஸ்பிரஸ் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய சென்னை – விஜயவாடா வந்தே பாரத் ரயில் ரேணிகுண்டாவில் நிற்கிறது. சென்ட்ரலிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டு வந்து விட்டுவிடும். எந்த விமானத்தாலும் இதை வெல்ல முடியாது. ஆனால் ஆளுக்கு இரண்டு பெட்டி, கைக்குழந்தை, தூக்கக் கலக்கம் என்று இறங்குகிறவர்கள் மீனம்பாக்கத்திலிருந்து சென்ட்ரலுக்குப் போய்ப் படியேறி இறங்குவது லேசில்லை. தனி ஆளுக்கு ரயில்; குடும்பத்துக்குக் கார். இது என் தீர்ப்பு.

இதில் ஊர்க்காரன் என்ற முறையில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. எங்கள் சித்தூர்ச் சீமை என்றைக்கும் மூன்று பக்கம் வாசல் வைத்த வீடு. நோய் என்றால் வேலூர் பெரிய ஆஸ்பத்திரி. படிப்பு என்றால் திருப்பதி. அங்கே 1954-ல் வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் வந்தது. ஜவுளியும் சினிமாவும் சென்னை. வேலை என்றால் பெங்களூர். தமிழ்நாட்டில் பிறந்தவர்கள் பலருக்குத் தெரியாது, சித்தூர், நகரி, புத்தூர், குப்பம் பக்கங்களில் வீட்டுக்குள் தமிழும் வாசலில் தெலுங்குமாக வாழ்கிற குடும்பங்கள் ஏராளம். தொல்காப்பியப் பாயிரம் தமிழ் கூறும் நல்லுலகத்துக்கு வட எல்லையாக வேங்கடத்தைத்தான் சொல்கிறது. ம.பொ.சிவஞானம் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சித்தூரும் புத்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. டாக்டர் ராதாகிருஷ்ணன் திருத்தணியில் பிறந்து, திருப்பதியிலும் வேலூரிலும் படித்து, பிறகு சென்னைக்குப் படிக்கப் போனவர். அவர் காலத்தில் அது ஒரே ராஜதானிக்குள் நடந்த சாதாரணப் பயணம். இன்றைக்கு அதே பாதையில் போகும் டாக்ஸிக்கு மாநில எல்லையில் பெர்மிட் கேட்கிறார்கள்.

கோடு போட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்காவது கோடு விழுந்துதான் ஆக வேண்டும். ஆனால் விமானப் பாதைகள் தலைநகரைப் பார்த்தே போடப்படுகின்றன. ரேணிகுண்டா நிலையம் நெடுங்காலம் ஹைதராபாத்தைப் பார்த்தே வளர்ந்தது. 2014-ல் மாநிலம் பிரிந்து ஹைதராபாத் தெலங்கானாவுக்குப் போன பிறகும் பழக்கம் விடவில்லை. மக்களின் போக்குவரத்தோ மேற்கே பெங்களூருக்கும் கிழக்கே சென்னைக்கும். பஸ் நிலையத்தில் நின்று பார்த்தால் ஜனங்கள் எங்கே போகிறார்கள் என்று தெரியும். விமான அட்டவணையைப் பார்த்தால் அரசாங்கக் கோப்புகள் எங்கே போயின என்று தெரியும். 2015 அக்டோபரில் ரேணிகுண்டாவில் புதிய முனையத்தைப் பிரதமர் திறந்து வைத்தார். 2017-ல் பன்னாட்டு விமான நிலையம் என்ற தகுதியும் கிடைத்தது. பெருமைதான். ஆனால் பட்டம் வாங்கிய மறுநாளே வேலை கிடைத்துவிடாது என்பது நம் பிள்ளைகளுக்கே தெரியும். பெயர்ப் பலகையில் 'பன்னாட்டு' என்று இருப்பதை நம்பி நேரே அங்கே இறங்கலாமா என்று சென்ற ஆண்டு மட்டும் நான்கு பேர் என்னைக் கேட்டார்கள்.

இதையெல்லாம் வெறும் சௌகரிய அசௌகரியமாக நினைத்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். சித்தூருக்குப் பக்கத்துக் கிராமம். தகப்பனார் காலமானார். ஒரே மகன் இந்த நாட்டில். செய்தி வந்த நாலு மணி நேரத்தில் அவர் விமானம் ஏறிவிட்டார். டிக்கெட் எடுத்துக் கொடுத்த நண்பர்கள் வரைபடத்தைப் பார்த்தார்கள். ரேணிகுண்டாதான் கிராமத்துக்கு மிக அருகில், எண்பது சொச்சம் கிலோமீட்டர்; சென்னையோ அதைப் போல இரண்டு மடங்கு. ஆகவே வேறொரு நகரத்தில் இறங்கி அங்கிருந்து ரேணிகுண்டாவுக்குத் தனி டிக்கெட் போட்டார்கள். "காலை பதினோரு மணிக்கு ரேணிகுண்டா, ஒரு மணிக்கு வீடு" என்று ஊருக்குத் தகவல் போயிற்று. அந்தத் தகவலை வைத்துத்தான் பெரியவர்கள் பிற்பகலில் எடுப்பது என்று முடிவு செய்தார்கள்.

முதல் விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். குடியுரிமைச் சோதனை, பெட்டி, சுங்கம் எல்லாம் முடித்து உள்நாட்டுப் பகுதிக்கு ஓடியபோது கவுண்டரை மூடிவிட்டார்கள். இரண்டும் தனித்தனி டிக்கெட் ஆனதால் எந்தக் கம்பெனிக்கும் பொறுப்பில்லை. அடுத்த விமானம் மாலையில். ஊரில் மூன்று மணி வரை காத்திருந்தார்கள், நான்கு மணி வரை காத்திருந்தார்கள். இருட்டுவதற்குள் எடுத்தாக வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். சித்தப்பா மகன் கொள்ளி வைத்தார். இவர் போய்ச் சேர்ந்தபோது இரவு எட்டு மணி. வீட்டை அலம்பிவிட்டு விளக்கேற்றி வைத்திருந்தார்கள்.

அதே இரவில் சென்னையில் வந்து இறங்கின விமானங்கள் எத்தனையோ. விடியற்காலை மூன்று மணிக்கு இறங்கியிருந்தால், இரண்டு மணி நேரம் தாமதமே ஆகியிருந்தாலும், சாலை வழியாகப் பகல் பன்னிரண்டு மணிக்குள் அவர் தகப்பனார் முகத்தைப் பார்த்திருப்பார். காரில் போகிற 150 கிலோமீட்டருக்குக் கவுண்டர் கிடையாது, மூடுகிற நேரம் கிடையாது. தாமதம் ஆனாலும் ஆன அளவுக்குத்தான் ஆகும். தவறவிட்ட விமானமோ ஒரு மணி நேரத் தாமதத்தை எட்டு மணி நேரம் ஆக்கிவிடும். இந்த வித்தியாசத்தை எந்த வரைபடமும் காட்டுவதில்லை. நண்பர்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். அவர்கள் பார்த்தது தூரத்தை. பார்க்க வேண்டியிருந்தது, ஒன்று தவறினால் அடுத்தது எப்போது என்பதை.

நம் முன்னோர்கள் இந்த விஷயத்தில் விவரமானவர்கள். 'கூப்பிடு தூரம்' என்பார்கள். ஆபத்துக்கு ஓர் ஆள் வந்து சேருவாரா என்பதுதான் அதில் அளவு. 'நாலு நாழிகை வழி', 'ஒரு நாள் நடை' என்பார்கள். நாழிகை 24 நிமிடம். தூரத்தையே அவர்கள் நேரத்தால்தான் அளந்தார்கள். மேடும் பள்ளமும் ஆறும் அதில் தானாகச் சேர்ந்துவிடும். எங்கள் பாட்டியிடம் சித்தூருக்கும் திருப்பதிக்கும் எத்தனை மைல் என்று கேட்டால் தெரியாது. வண்டி கட்டினால் இரண்டு ராத்திரி என்று தெரியும். எழுபது கிலோமீட்டர் என்ற கணக்கை நான் பள்ளிக்கூடத்தில்தான் கற்றேன், பாட்டியின் கணக்கு இன்றைக்கும் எனக்கு அதைவிடத் தெளிவாக இருக்கிறது.

சிகாகோவிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 13,800 கிலோமீட்டர். பூமி உருண்டை என்பதால் அந்தக் கோடு கிழக்கே போகாமல், வடதுருவத்தை ஒட்டி 80 பாகை அட்சரேகை வரை ஏறி, பிறகு இறங்கி வருகிறது. அந்தக் கோட்டில் நம்மைக் கொண்டு போக விமானம் இல்லை. லண்டனோ, தோஹாவோ, அபுதாபியோ சுற்றித்தான் போகிறோம். வெள்ளிக்கிழமை மாலை கிளம்பினால் ஞாயிறு விடிவதற்கு முன் சென்னை. அங்கிருந்து திருப்பதிக்கு 98 கிலோமீட்டர் என்பது முழுத் தூரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் வாசலிலிருந்து வாசலுக்கு ஆகும் இருபத்தெட்டு மணி நேரத்தில் அதற்கு எட்டில் ஒரு பங்கு வேண்டியிருக்கிறது. உடம்பு சோர்ந்து, பிள்ளைகள் அழுது, கணவன் மனைவிக்குள் சண்டை வருவதும் பெரும்பாலும் இந்த எட்டில் ஒரு பங்கில்தான்!

இனி சித்தூர்க்காரர்களுக்கு. எங்கள் ஊருக்கு விமான நிலையம் இல்லை. ரேணிகுண்டா சுமார் 85 கிலோமீட்டர், சென்னை சுமார் 150, பெங்களூர் தேவனஹள்ளி 175, 180. பெங்களூர் நிலையம் 2008 மே மாதம் தேவனஹள்ளிக்குப் போனபோது எங்கள் ஊரில் பலர் முணுமுணுத்தார்கள். பழைய நிலையம் நகருக்குக் கிழக்கே, பழைய மதராஸ் சாலைப் பக்கமாக இருந்தது. எங்களுக்கு அது வாசலில் இருந்த மாதிரி. புது நிலையம் தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் நகருக்குள் நுழையாமல் ஹொஸகோட்டே, கோலார், முல்பாகல், பலமனேர் என்று வந்துவிடலாம் என்பது ஓட்டிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. நல்ல சாலை. பலமனேருக்கு இந்தப் பக்கம் மலை இறங்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஆக, சித்தூருக்குச் சென்னையும் பெங்களூரும் ஏறத்தாழச் சமம். எந்த ஊருக்கு ஒரே டிக்கெட்டில், குறைந்த மாற்றத்தில் விமானம் கிடைக்கிறதோ அதை எடுங்கள். கிலோமீட்டர் வித்தியாசத்தைப் பார்க்காதீர்கள். சென்னையில் இறங்குகிறவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. காட்பாடிக்கு ரயில் ஏராளம், இரண்டு மணி நேரம்தான். காட்பாடியிலிருந்து சித்தூர் 35 கிலோமீட்டர். அங்கே அண்ணனோ மாமாவோ காரோடு நின்றால் பாதி வழி பேச்சிலேயே போய்விடும்.

இரவில் இறங்குவது பற்றியும் சொல்ல வேண்டும். நம் விமானங்கள் பெரும்பாலும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில்தான் சென்னைக்கு வருகின்றன. இரண்டு மணிக்கு இறங்கி மூன்றரைக்குக் கார் ஏறினால், ஓட்டுநர் கண் அசரும் நேரமும் அதுதான். சாவு, ஆஸ்பத்திரி என்று அவசரம் இல்லாதவர்கள் விடியும்வரை எங்காவது உட்கார்ந்து, ஒரு காபி குடித்துவிட்டு, ஐந்தரைக்குக் கிளம்புவது நல்லது. இரண்டு மணி நேரம் வீண் என்று பிள்ளைகள் சொல்வார்கள். சொல்லட்டும்.

திருமலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றை மறக்கிறார்கள். ரேணிகுண்டாவில் இறங்கிவிட்டால் பெருமாள் சன்னிதியில் இறங்கியதாக அர்த்தம் இல்லை. அங்கிருந்து திருப்பதி நகரம் பதினைந்து கிலோமீட்டர். பிறகு அலிபிரி. அங்கே சோதனைச் சாவடியில் எல்லாப் பெட்டிகளையும் இறக்கிக் காட்ட வேண்டும். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஆறு பெட்டிகளோடு போனால் எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். அதன் பின் மலைப்பாதை. 1944-ல் போட்ட முதல் பாதையில் இப்போது இறங்குகிறார்கள், 1974-ல் திறந்த இரண்டாவது பாதையில் ஏறுகிறார்கள். வளைவுகளில் யாரும் அவசரப்பட முடியாது, அவசரப்படவும் விடமாட்டார்கள். 300 ரூபாய் சிறப்பு நுழைவுச் சீட்டில் நேரம் குறித்திருக்கும். இறங்குகிற அன்றைக்கே அந்த நேரத்தைப் போட்டுக்கொண்டு, விமானம் தாமதமானதால் வழியெல்லாம் பெருமாளையும் விமானிகளையும் மாறிமாறி வேண்டிக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தரிசனத்தை மறுநாளுக்கு வையுங்கள். ஆடிக் கிருத்திகை நாட்களில் திருத்தணிச் சாலையையும், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் எந்தச் சாலையையும் நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

பெற்றோரை இங்கே அழைக்கிறவர்களுக்கும் இதே பேச்சுதான். எழுபது வயது அம்மாவை "வீட்டுக்குப் பக்கத்திலேயே ஏறட்டும்" என்று ரேணிகுண்டாவில் ஏற்றி, ஹைதராபாத்தில் மாற்றி, வளைகுடாவில் மாற்றி, இங்கே கொண்டுவந்து சேர்க்கிறார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு சக்கர நாற்காலி, ஒரு புதிய பாஷை, கழிவறை எங்கே என்று கேட்கக் கூச்சம். அதற்குப் பதில் பிள்ளையோ மருமகனோ காரில் சென்னைக்கோ பெங்களூருக்கோ கொண்டுவந்து, வாசல்வரை கூட நின்று வழியனுப்பினால் ஒரு மாற்றத்தோடு வந்துவிடலாம். எடை விஷயமும் இருக்கிறது. வெளிநாட்டு டிக்கெட்டில் இரண்டு பெட்டி, 46 கிலோ என்று ஊறுகாயும் வடகமும் கட்டிவிடுவார்கள். உள்நாட்டுப் பயணத்துக்குத் தனி டிக்கெட் என்றால் பெரும்பாலும் 15 கிலோதான். மிச்சத்துக்குப் பணம் கட்டினால் ஊறுகாய் தங்க விலை ஆகிவிடும்.

ரேணிகுண்டா விமான நிலையமே வேண்டாம் என்கிறேனா? இல்லவே இல்லை. டெல்லியில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு அது பெரிய உபகாரம். டெல்லி – திருப்பதி நேர்கோட்டில் சுமார் 1,670 கிலோமீட்டர். ரயிலில் ஒரு நாளைக்கு மேல் ஆகும். விமானத்தில் மூன்று மணி நேரம்கூட இல்லை. மும்பைக்காரர்களுக்கும் விசாகப்பட்டினத்துக்காரர்களுக்கும் அப்படித்தான். தூரம் போதிய அளவு இருந்தால் கவுண்டர், வரிசை, பெட்டி எல்லாம் சின்ன விஷயமாகிவிடும். என் கணக்கு இது: சாலையில் நாலு மணி நேரத்துக்குள் முடிகிற பயணத்துக்கு விமானத்தைத் தேடாதீர்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் என்றால் யோசிக்காமல் விமானம் ஏறுங்கள். நடுவில் இருக்கிற இரண்டு மணி நேரம் அவரவர் முழங்காலையும் மணிபர்ஸையும் பொறுத்தது.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இதழில் ஆண்டுதோறும் விமானக் கட்டண விளம்பரங்கள் வருகின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் அரைப் பக்கம் ஒதுக்கி, ஊர் வாரியாக ஓர் அட்டவணை போடலாம். கிலோமீட்டர் வேண்டாம். இறங்கின விமான நிலையம், இறங்கின நேரம், வீட்டு வாசலை மிதித்த நேரம் ஆகிய மூன்று மட்டும் போதும். சித்தூர், வேலூர், திருத்தணி, காளஹஸ்தி பக்கத்து விவரங்களை நான் தொகுத்துத் தருகிறேன். இந்தக் கோடையில் போய் வருகிறவர்கள் போகும்போதே ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துவைத்து, திரும்பி வந்ததும் எனக்கு அனுப்புங்கள். கைக்குழந்தையோடு போனீர்களா, பெரியவர்களோடு போனீர்களா என்பதையும் ஒரு வரியில் சேர்த்து எழுதுங்கள், அந்த வரிக்குத்தான் நான் அதிகம் காத்திருப்பேன்.